பனையை விட்டு இறங்கியவர்கள்

திருச்செந்தூருக்குத் தெற்கேயும் மேற்கேயும் உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று விரிந்து செல்லும் செம்மணல் தேரிக்காட்டில், பல ஆண்டுகளாக ஆள் ஏறாமையால் காய்ந்த மட்டைகள் கழுத்தைச் சுற்றித் தொங்க, காவோலை காற்றில் சலசலக்க நிற்கும் பனைகளைக் காணும் பெரியவர்கள் அநேகமாக ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை. இப்படிச் சொல்பவர்களில் பனையேறியவர்களைக் காட்டிலும் ஏறாதவர்களே மிகுதி என்பது ஒருபுறம் இருக்கட்டும். தலைமுறை தலைமுறையாக ஒரு தொழிலைச் செய்து வந்தவர்களின் பிள்ளைகளே அதைக் கைவிட்டார்கள் என்றால், பிள்ளைகளின் சோம்பலை விசாரிப்பதற்கு முன்னால் அத்தொழிலின் பூர்வ சரித்திரத்தை விசாரிப்பதுதான் நியாயம். அந்தச் சரித்திரத்தில் சோம்பேறிகள் அதிகம் தட்டுப்படுவதில்லை.

தென்பாண்டிச் சீமையில் பனையேற்றுப் பருவம் பங்குனியை ஒட்டித் தொடங்கி ஆடி வரையில் நடக்கும். மழையும் குளிரும் விலகி, கிணறு வற்றி, மணல் கால் வைக்க முடியாதபடி கொதிக்கிற மாதங்கள் அவை. மற்ற பயிர்த்தொழிலெல்லாம் ஓய்ந்திருக்கும் அந்தக் கோடையில்தான் பனை சுரக்கும். இடுப்பில் பாளை அரிவாளும் சுண்ணாம்பும் வைத்த அரிவாள்பெட்டி, காலில் தளைநார், மரத்தடியில் சாய்த்து முதல் ஏற்றத்துக்குப் பிடிமானம் கொள்ள ஒரு முருக்குத்தடி, பதநீரை வடித்து இறக்க ஒரு குடுவை: பனையேறியின் தளவாடம் இவ்வளவே. தலைக்கோழி கூவுமுன் விளைக்குள் இறங்குகிறவர், மரத்தை மார்போடு அணைத்து, கைகளை முன்னே வைத்துத் தளையிட்ட கால்களைப் பின்னே இழுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் ஓரடி இரண்டடியாக உயர்ந்து, மட்டைகளுக்கு இடையில் உடலைச் செருகிக்கொண்டு, முந்தின நாள் சீவிய பாளையின் நுனியைத் தாள் கனத்துக்கு மறுபடி சீவி, கலயத்தை வடித்து, பதநீர் புளித்துக் கள்ளாகாதபடி உட்புறம் சுண்ணாம்பு தடவி, மீண்டும் கட்டிவிட்டு இறங்குவார். ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்தைப் பற்றுவதற்கு இடையில் கிடைக்கும் நடைதான் அவருக்கு இளைப்பாறல்.

ஒருவர் நாளொன்றுக்கு முப்பது மரம், திறமுள்ளவர் நாற்பது மரம், அதையும் காலை ஒருமுறை மாலை ஒருமுறை ஏறுவது வழக்கமாக இருந்தது. மரத்துக்கு ஐம்பதடி உயரம் என்று தாராளமில்லாமல் கணக்கிட்டாலும், முப்பது மரம் ஏறுகிறவர் ஒரு நாளில் மூவாயிரம் அடி ஏறி மூவாயிரம் அடி இறங்குகிறார். மூன்று நாளில் அவர் ஏறிய உயரம் கடல்மட்டத்திலிருந்து தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரத்தைத் தாண்டிவிடும். இதிலும் கொடியது, இத்தொழிலுக்கு விடுமுறை என்பதே கிடையாது. பாளையைச் சீவாமல் விட்டால் வெட்டுவாய் உலர்ந்து சுரப்பு நின்றுபோகும். ஆகையால் காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் பருவம் முடியும்வரை மரம் மனிதனை விடுவதில்லை. மார்பும் உள்ளங்கையும் பாதமும் காய்ப்பேறிப்போன தேகத்தோடு நாற்பத்தைந்து ஐம்பது வயதுவரை ஏறி, அதற்குள் விழாமல் இருந்தவர் பாக்கியவான்.

வேலை மரத்தடியோடு முடிவதுமில்லை. இறக்கிய பதநீர் வெயிலேறுமுன் அடுப்பேறியாக வேண்டும். விடிலி என்று சொல்லப்படும் ஓலைக் குடிசைக்குள், சுள்ளியும் காவோலையும் தாமே பொறுக்கிச் சுமந்து வந்த பெண்கள், புகையிலும் அனலிலும் மணிக்கணக்காக நின்று துடுப்புப் போடுவார்கள். பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை இடுவார்கள். பாகு இறுகும் பதத்தைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சிரட்டைகளில் வார்ப்பார்கள். ஏறக்குறைய எட்டுப் பத்து லிட்டர் பதநீர் வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பனைத்தொழில் என்றதும் மரத்தின் மேலிருக்கும் ஆண்மகனையே நாம் நினைக்கிறோம். அடுப்படியில் இருந்தவளுக்கு அதில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு பிரயாசையின் பலன் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால் கதை வேறு விதமாகத் திரும்புகிறது. பனையேறி மீது விழுந்த வரி மிகப் பழமையானது. பல்லவர் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்று கள்ளிறக்குவோர் செலுத்திய வரி காணப்படுகிறது. கொல்லத்தில் 849-ஆம் ஆண்டளவில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு, சில குடிகளுக்கு விலக்கு அளிக்கும் போது தலைக்காணம், ஏணிக்காணம் என்னும் இறைகளைக் குறிக்கிறது. மனிதனுக்குத் தலை இருந்ததற்கு ஒரு வரி, மரமேற ஏணி வைத்திருந்ததற்கு ஒரு வரி. ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர்கள் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. பனை பெரும்பாலும் மற்றொருவர் சொத்து. ஒருநாள் பதநீர் மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுகிறவருக்கு என்பது பல இடங்களில் வழங்கிய பங்கு முறை. பருவம் இல்லாத மாதங்களில் அரிசிக்கும் துணிக்கும் முன்பணம் வாங்குவதும், பருவம் வந்ததும் அந்தக் கடனுக்குக் கருப்பட்டியை வியாபாரி சொன்ன விலைக்கு அளப்பதும் ஜீவனத்தின் இயல்பான சுற்றாகவே ஆகிவிட்டன. மகன் தலையெடுக்கும்போது அவனுக்குக் கிடைத்த பிதிரார்ஜிதம் தகப்பனாரின் அரிவாள்பெட்டியும் தகப்பனாரின் கடனும்.

கடனைக்கூடப் பொறுத்திருக்கலாம்; இகழ்ச்சியைப் பொறுப்பது கடினம். தெற்குத் திருவிதாங்கூரில், பனையேறிகளான நாடார் வகுப்புப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த கலகங்கள் 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் வந்த பிறகே தணிந்தன. அந்தப் பிரகடனமும், மேல்சாதியார் அணியும் விதத்தில் அணியலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் 1841 முதல் இடையன்குடியில் தங்கியிருந்த கால்டுவெல் பாதிரியார், 1849-இல் இம்மக்களைப் பற்றி எழுதிய நூலில் அவர்களுடைய உழைப்பை விரிவாகக் குறித்துவிட்டு, அவர்களுடைய அறிவையும் வழிபாட்டையும் தாழ்வாகவே மதிப்பிட்டார். ஓலைக் குடிசைகளில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் படித்து அந்நூலை வாசிக்கத் தொடங்கியபோது பெருங்கண்டனம் எழுந்தது. உடலால் உழைக்கிறவன் அறிவில் குறைந்தவன் என்று முடிவு கட்டும் பழக்கம் கால்டுவெல்லோடு தொடங்கியதுமன்று, அவரோடு முடிந்ததுமன்று.

ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இளைஞர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது வியப்புக்குரியதன்று. பனையை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஒரு சாரார் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். அட்டையும் குளிரும் கங்காணியின் பிரம்பும் நிறைந்த அந்த மலைக்காட்டை யாரும் சுகவாசம் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு சாரார் கருப்பட்டியையும் கருவாட்டையும் மாட்டின்மேல் ஏற்றி வடக்கே போய் வியாபாரிகளானார்கள். விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்து, விற்ற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை ஒதுக்கி, அந்தப் பொதுப்பணத்தில் கிணறு வெட்டி, கோயில் கட்டி, பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். 1910-இல் நாடார் மகாஜன சங்கமும், 1921-இல் தூத்துக்குடியில் சொந்த வங்கியும் தோன்றின. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரண்டு இளைஞர்கள் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பி வந்து, வானம் பார்த்த கரிசல் பூமியில் ஒரு கைத்தொழில் நகரத்தையே உண்டாக்கினார்கள்.

சென்னையின் மளிகைக் கடைகளையும் இங்கே நினைக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் உறவினர் கடைக்கு அனுப்பப்பட்ட பையன்கள், விடியுமுன் கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கி, பகலெல்லாம் பொட்டலம் மடித்து, இரவு பதினொரு மணிக்குக் கடைக்குள்ளேயே பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் படுத்து உறங்கினார்கள். அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு அப்படிப்பட்ட வேலை கொடுத்ததை நான் போற்றவில்லை. அது சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையே. ஆயினும் அவர்களை வேலைக்கு அஞ்சியவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? கடையில் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது: பத்து வருஷம் கழித்து அதே தெருவிலோ அடுத்த பேட்டையிலோ சொந்தக் கடை வைத்து, அண்ணாச்சி என்று ஊரார் அழைக்க உட்காரலாம். பனையின் உச்சியில் அப்படி உட்கார இடமில்லை. ஏறியவர் இறங்கியே ஆக வேண்டும், மறுநாள் மறுபடி ஏற வேண்டும்.

மூன்றாவது வழி பள்ளிக்கூடம். பனையேறும் குடும்பங்கள் பருவந்தோறும் மனைவி மக்களோடு விளைகளுக்கும், சிலர் இராமநாதபுரம் வரையிலும் குடிபெயர்ந்து போனமையால், பங்குனிப் பரீட்சையும் ஆனியில் பள்ளி திறப்பதும் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாமலே இருந்தன. காமராசர் முதல்வராயிருந்த 1954 முதல் 1963 வரையான காலத்தில் சிற்றூர்தோறும் பள்ளிகள் வந்து, 1956-இல் மதிய உணவும் வந்தபின், கலயம் பொறுக்க வேண்டிய பையனைத் தாய்மார் பள்ளிக்கு அனுப்பினார்கள். பிள்ளை பனையேறக் கூடாது என்று முதலில் தீர்மானித்தவர்கள் பனையேறிய தகப்பன்மாரும் பாகு காய்ச்சிய தாய்மாருமே. பிள்ளை அந்தத் தீர்மானத்துக்குக் கீழ்ப்படிந்தான். கீழ்ப்படிந்ததற்காக அவனை இன்று சோம்பேறி என்பது விசித்திரமான நியாயம்.

சட்டமும் தன் பங்குக்கு அரிவாளை மழுக்கியது. 1937-இல் சேலம் ஜில்லாவில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை ராஜதானி முழுவதற்கும் விரிந்தது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கள்ளால் அழிந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் கள்ளை மறந்து பதநீர் இறக்குகிறவரும் உரிமம் பெற்று, கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை என்று சந்தேகிக்கும் காவலரிடம் கைகட்டி நிற்க நேர்ந்தது. கிராமக் கைத்தொழிலின் பேரறிஞரான ஜே. சி. குமரப்பா, கரும்புக்கு நல்ல நிலத்தையும் நீரையும் கொட்டுவதைவிடத் தரிசில் தானே வளரும் பனையிலிருந்து வெல்லம் எடுப்பதே தேசத்துக்கு நன்மை என்று வாதாடினார். கூட்டுறவுச் சங்கங்களும் தோன்றின. எனினும் ஆலைச் சர்க்கரையின் விலையோடு விடிலிக் கருப்பட்டி போட்டியிட முடியவில்லை. 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்த தமிழகத்தில், 1987 முதல் கள்ளுக்கு மறுபடியும் தடை. 2003 முதல் பாட்டில் சாராயத்தைச் சில்லறையில் விற்கும் கடைகளை நடத்துவதோ அரசாங்கமே. இந்த முரண்பாட்டைப் பனையேறிகள் என்னைவிடக் காரமாகச் சொல்வார்கள்.

கூலியும் பாதுகாப்பும் கொடுத்தால் இளைஞர்கள் திரும்பி ஏறுவார்களா என்றால், அதற்கும் எளிய விடையில்லை. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர்களுக்கு வலுவான சங்கங்கள் உண்டு. 1969-இலேயே சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கும் இளைஞர்கள் இத்தொழிலைத் தேடிப் போவதில்லை. பணம் மட்டும் போதாது. பனையேறுகிறவருக்குப் பெண் கொடுக்க ஊர் தயங்காத நாள் வர வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் படித்த இளைஞர் சிலர் அண்மைக் காலத்தில் தாமாகவே பனையேறக் கற்று, பனையேறி என்ற பெயரைக் கூசாமல் சொல்லிக்கொள்கிறார்கள். தொகையில் அவர்கள் சிலரே. ஆனால் அவர்கள் தலையில் தகப்பனாரின் கடன் இல்லை. யாருடைய கட்டாயத்தாலும் ஏறவில்லை. விலையையும் தாங்களே சொல்கிறார்கள். கடின வேலைக்கு இளைஞர் வருவதற்கு வேண்டிய சூழ்நிலை எது என்று இவர்களைப் பார்த்தாவது நாம் தெரிந்துகொள்ளலாம்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கடைகளில் கருப்பட்டி என்று விற்பதில் கரும்புச் சர்க்கரை கலந்ததே ஏராளம் என்பதும் ஊரறிந்த சங்கதி. அசலின் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்துவிட்டு, கலப்படத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள், இளைஞர்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று பேசுவதை இனியேனும் நிறுத்த வேண்டும். உழைப்பின்மேல் உண்மையான மதிப்புள்ள வாசகர்கள் அடுத்த பருவத்தில் ஏதேனும் ஒரு விடிலிக்கு நேரில் போய், பாகு வார்க்கிறவர் சொல்லும் விலைக்கு, பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்குவார்களாக.