கைமாறும் கோவைகள்

எண்களோடு பல்லுறுப்புக்கோவைகளையும் குலங்களையும் குறியீடுகளாகவே கையாளும் கணினி இயற்கணித மென்பொருள்கள் 1960-களில் உருவெடுத்தன. கனடாவின் வாட்டர்லூவில் 1980-இல் மேப்பிளும், பிரான்சின் போர்தோவில் எண் கோட்பாட்டுக்கெனப் பாரியும், ஜெர்மனியின் ஆகெனில் 1986-இல் குலக் கோட்பாட்டுக்கெனக் கேப்பும் அடுத்தடுத்துத் தோன்றின. ஒவ்வொன்றும் தன் துறைக்கேற்ற தனி அமைப்பில் கணிதப் பொருள்களை நினைவகத்தில் வைத்ததால், ஒன்றில் கிடைத்த விடையை மற்றொன்றில் தொடர விரும்பியவர், அதை மற்றதன் இலக்கணத்துக்கேற்ப மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இலக்கணத்தை மாற்றினால் மட்டும் போதாது என்பதே இவ்வரலாற்றின் கடினமான பாடம். கழித்தல் 1-இன் நேர்மாறு கோடாஞ்சென்ட் மேப்பிளில் 135 பாகையாகவும் மேத்தமேட்டிக்கா என்னும் மற்றொரு மென்பொருளில் கழித்தல் 45 பாகையாகவும் அமைகிறது. பெயர் ஒன்றாயினும் வரையறை வேறு. இத்தகைய பிறழ்வைத் தவிர்க்க, 1993-இல் சூரிச்சில் கூடிய ஆய்வாளர்களிடமிருந்து ஓப்பன்மேத் என்னும் பொதுமொழி முளைத்தது; அதில் ஒவ்வொரு குறியீடும் தன் பொருளை வரையறுக்கும் அகராதியைச் சுட்டும். மிக நேர்மையான முயற்சி அது.

2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ் என்னும் மென்பொருளோ வேறு வழியில் சென்று, பழைய மென்பொருள்களைப் பின்னணியில் இயக்கி, மனிதர் தட்டச்சு செய்வதைப் போலவே கட்டளைகளை எழுத்துச் சரங்களாக அனுப்பி விடைகளைப் படித்தது. எழுத்தாக்கிப் படிக்கும் வேலையில் நேரம் வீணானதால், பின்னர் பாரி, கேப் ஆகியவற்றின் நிரல்தொகுப்புகள் நேரடியாகவே இணைக்கப்பட்டன.

ஆனால் நேரடி இணைப்பும் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை என்பதற்கு 9 உறுப்புகள் கொண்ட முடிவுறு புலம், அதாவது நான்கு அடிப்படைச் செயல்களும் செல்லும் சிறு எண்தொகுதி, நல்ல சான்று. கேப், புலத்தை அமைக்க ரிச்சர்ட் பார்க்கர் வகுத்த கான்வே பல்லுறுப்புக்கோவையைப் பின்பற்றுவதால், அதன் ஆக்கி உறுப்பின், அதாவது மற்ற உறுப்புகளை உருவாக்கும் உறுப்பின், வர்க்கம் அவ்வுறுப்போடு 1-ஐக் கூட்டியதற்குச் சமம். மற்றொரு மென்பொருளோ தன் அடிப்படை உறுப்பின் வர்க்கம் 2 என்று கொண்டிருக்கலாம். பெயருக்குப் பெயர் மாற்றினால் கணக்கே பொய்த்துவிடும். எனவே மாற்றி நிரல், வர்க்கம் 2 ஆகும் உறுப்பைக் கேப்பின் புலத்துக்குள் தேட வேண்டும்; அத்தகையவை அங்கு இரண்டு உண்டு, இரண்டும் சமமாகச் சரியானவை, ஆயினும் ஒருமுறை தேர்ந்த ஒன்றையே கணக்கின் இறுதிவரை மாறாமல் பின்பற்றியாக வேண்டும்.