துணைக்கு வந்தவர்கள்

ஓசூரில் பதினாறு வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், சாமி கும்பிட்டு, மந்திரித்து, உள்ளூர் டாக்டரையும் பார்த்த பிறகு பல வீடுகள் பஸ் ஏறுவது நிம்ஹான்ஸுக்குத்தான். சுமார் 35 கிலோமீட்டர். அந்த மனநல மருத்துவமனையின் முகவரியே பெங்களூரு ஓசூர் ரோடுதான். “இவனக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க” என்று பையனை முன்னால் தள்ளிவிட்டு அப்பா ஒதுங்கி நிற்பார். மனநல சமூகப் பணியாளரோ அவரையும் உட்காரச் சொல்வார். யாரோடு யார் பேசுவதில்லை, சம்பளம் யார் கைக்குப் போகிறது, பாட்டி எந்தக் கட்சி என்று கேள்விகள் வரும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறை ஒரு தாளில் ஏறும். பிரச்சினை பையனுக்குத்தானே என்று அப்பா முழிப்பார்.

குடும்பத்தையே உட்கார வைக்கும் இந்த முறை அமெரிக்க இறக்குமதி என்பது பாதி உண்மை. நியூயார்க்கில் நேதன் ஆக்கர்மன் போன்றவர்கள் 1950-களில் அதைக் கோட்பாடாக வளர்த்தார்கள். அதே காலத்தில் அமிர்தசரஸில் அது ஆள் பற்றாக்குறையில் பிறந்தது.

பிரிவினைக்குப் பின் 1950-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளையும் பரிமாறிக்கொண்டன. உருது எழுத்தாளர் மண்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையின் பின்னணி அதுதான். லாகூரிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து அமிர்தசரஸ் மருத்துவமனை பிதுங்கியது. கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர் ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி வளாகத்தில் அடித்தார். நோயாளியோடு சொந்தக்காரர்களும் அங்கேயே தங்கினார்கள். சமைத்தார்கள், குளிப்பாட்டினார்கள். நோய் என்ன, வீட்டுக்குப் போனதும் எப்படி நடந்துகொள்வது என்று டாக்டர் அவர்களுக்குப் பாடம் எடுத்தார். கைவிடப்படுவதற்கென்றே இருந்த இடத்திலிருந்து ஆட்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள்.

அடுத்த ஊர் நமக்குப் பக்கத்தில். வேலூர் சிஎம்சி 1957-ல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. நோயாளியோடு சொந்தத்தில் ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. ஆஸ்பத்திரி என்றாலே துணைக்கு ஆள் போகும் நம் வழக்கத்தை அவர்கள் மருத்துவமாக்கிவிட்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் நிம்ஹான்ஸும் குடும்ப வார்டு நடத்தியது. அங்கிருந்த பட்டி, ஜானகிராமையா, சென்னபசவண்ணா மூவரும் அந்த அனுபவத்தை 1980-ல் ‘ஃபேமிலி பிராசஸ்’ இதழில் எழுதினார்கள். ஆக்கர்மனும் சேர்ந்து தொடங்கிய இதழ் அது. கூடாரம் நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டது!

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே வேலூர், மேற்கே பெங்களூரு. ஒரே நெடுஞ்சாலை. நடுவில் இருக்கும் ஓசூருக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. 1980-களில் டைட்டன் ஆலை கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்தபோது, அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்து, கூட இருந்து பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோரையும் அமர்த்தியது. விடலைப் பிள்ளையைத் தனியாளாகக் கணக்கில் எடுக்க முடியாது என்று ஒரு கடிகாரக் கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது.

குடும்பத்தைக் கூப்பிடுவது எப்போதும் நல்லதா என்றால், இல்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் பதினெட்டு ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டிவைப்பதே குடும்பம்தான். அங்கே சதுரமும் வட்டமும் உதவாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, குழந்தைகள் நலக் குழு முன் பெண்ணை நிறுத்துவதே முதல் வேலை. யாரை உட்கார வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்று கண்டுபிடிப்பதுதான் மதிப்பீட்டில் பாதி.

மற்ற வீடுகளில் சிக்கல் வேறு. அமிர்தசரஸில் ஊழியர் குறைவு, சொந்தம் ஏராளம். ஓசூரில் ஊழியர் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், சொந்தத்துக்குத்தான் நேரமில்லை. அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், பாட்டி ஊரில். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பம் என்றால் பாட்டி இன்னும் தூரம். காண்ட்ராக்ட் வேலையில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு, அடுத்த வாரமும் வரச் சொன்னால் இரண்டு நாள் போச்சு. அம்மா மட்டும் வருகிறாள், அப்பாவின் சதுரம் தாளோடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்துப் படிவத்தில் முதல் கேள்வி வீட்டில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதாக இருக்க வேண்டும், அடுத்த தேதியை அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.