யார் நட்ட மரம்?



கந்தப்பளையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வருபவன் நான். ஒருநாள் தொல்காப்பியத்தின் மரபியலை விளக்கிக் கொண்டிருந்தேன். உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும், வெளியே வைரம் கொண்டதைப் புல் என்றும் நம் முன்னோர் வகுத்த செய்தி அது. அப்போது ஒரு மாணவி யன்னலுக்கு வெளியே, தேயிலை மலை முடியும் இடத்தில் கறுத்துத் தெரிந்த காட்டைக் காட்டிக் கேட்டாள்: "சேர், அந்த மரமெல்லாம் எந்தத் தொரை காலத்துல நட்டது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அறிந்த மரங்கள் யாவும் எவரோ நட்டவைதாமே! தேயிலை சீனத்திலும் அசாமிலும் இருந்து வந்தது. கிறவிலியாவும் யூக்கலிப்டசும் அவுஸ்திரேலியாவுக்குரியவை. மேட்டு நிலங்களில் நிற்கும் பைனஸ் மத்திய அமெரிக்கா, கரிபியன் பக்கத்தது. இவற்றை நட்ட கைகளும் பெரும்பாலும் எம்மவருடையவையே. ஆனால் காட்டை நட்டவர் எவருமில்லை. அதன் வரலாறு மனிதனுக்கு வெகு காலம் முந்தியது.

1861 இல் சிங்கோனா வளர்ப்பதற்கென அமைக்கப்பட்ட ஹக்கலைப் பூங்காவுக்குப் போனால் மரப்பன்னங்களைக் காணலாம். மலைநாட்டின் ஓடைக்கரைகளிலும் அவை உண்டு. அவற்றுக்குப் பூவில்லை, காயில்லை, வித்துமில்லை. இலையின் அடிப்புறத்தில் பொடிபோன்ற வித்திகள் மட்டுமே உண்டு. வித்தி முளைத்தபின் கருக்கட்டல் நிகழ வேண்டுமானால், ஆண் கலம் நீந்திச் செல்லச் சிறிதளவாவது நீர் வேண்டும். தாவரங்கள் தரைக்கு வந்த பின்னரும் நெடுங்காலம் ஈரத்தை விட்டுப் பிரிய முடியாமல் இருந்தமைக்கு இதுவே காரணம்.

ஏறக்குறைய 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தளையை அறுத்தது வித்து. கரு ஒன்று, அதற்கு வேண்டிய உணவு, இரண்டையும் காக்கும் உறை: இவ்வளவே வித்து. தூரதேசம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதைப் போன்றது இது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே கால்நடையாக வந்த எம் பாட்டன் பூட்டன்மாரின் மடியிலும் அத்தகைய முடிச்சு ஒன்று இருந்திருக்கும்.

வித்துத் தாவரங்களில் முந்தியவை, வித்தைக் கனிக்குள் மூடி வைக்காத இனங்கள். புத்தளம் மாவட்டத்துத் தப்போவவில் கிடைத்த கற்பதிவுகள் இதற்குச் சான்று. சீவார்ட், ஹோல்ட்டம் என்னும் அறிஞர்கள் 1922 இல் அவற்றை விவரித்தனர். ஜுராசிக் காலத்தில், 14 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், பன்னங்களும் சைக்கஸ் இனங்களும் ஊசியிலை மரங்களும் இம்மண்ணில் வளர்ந்தன. இலங்கை அன்று தீவல்ல. இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டிக் கிடந்த பெருநிலத்தின் ஒரு துண்டு. இன்றோ இந்நாட்டுக் காடுகளில் தானாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. பைனஸ் தோட்டங்கள் மனிதன் கொண்டுவந்தவை.

பின்னர் வந்தவை பூக்கும் தாவரங்கள். அவை அத்துணை விரைவாக உலகெங்கும் பெருகியமை டார்வினுக்கே விளங்காத புதிராக இருந்தது. 1879 இல் தம் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதனை ஒப்புக்கொண்டார். பூவுக்கும் பூச்சிக்கும் இடையே வளர்ந்த உறவை ஒரு காரணமாக இன்றைய ஆய்வாளர் காட்டுவர்.

அந்த ஹூக்கருக்கு எமது மலைகளோடும் தொடர்புண்டு. கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம். 1873 இல், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு அவர் அரசுக்கு ஆலோசனை கூறினார். இன்று உயர்மலைகளில் எஞ்சி நிற்கும் காட்டுக்கு அந்த ஆலோசனையும் ஒரு காரணம். ஆனால் யாவும் தப்பவில்லை. 6,000 அடி உயரத்துக் கந்தப்பளையிலும் தேயிலை நிற்கிறதே!

காட்டை வெட்டச் சொன்னவர் ஒருவர். கோடரி பிடித்தவர் எம் முன்னோர். மலைநாட்டுக் காடுகளில் கோர்டோனியா என்றொரு மரம் உண்டு. அது தேயிலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. உறவை வெட்டிய இடத்தில் உறவையே நட்டிருக்கிறார்கள், அறியாமலே!

அம்மரத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று லயத்து முதியவர்களைக் கேட்டேன். "காட்டு மரம்" என்றார்கள். மற்ற மரங்களுக்கும் அதே விடைதான். சிங்களக் கிராமத்தவர் 'கீன' என்று பெயர் சொல்லி அழைக்கும் மரமும் எமக்குக் காட்டு மரமே. இதற்காக அம்முதியவர்களை நான் குறைகூற மாட்டேன். பெரட்டுக்கு ஓடியவர்களுக்கு மரத்தின் பெயர் கேட்க நேரம் ஏது?

மறுநாள் அம்மாணவியிடம் சொன்னேன்: "அந்த மரங்களை யாரும் நடவில்லை, பிள்ளை. நமக்கு முன்னமே கட்டுச்சோற்றோடு வந்து சேர்ந்தவை அவை."

அவள் சற்று யோசித்தாள். "அப்ப அதுகளுக்குப் பேர் யாரு சேர் வைக்கிறது?" என்றாள்.

வகுப்பில் ஓர் அப்பியாசக் கொப்பி தொடங்கியிருக்கிறோம். இலையொன்றை ஒட்டி, அறிந்த பெயர்களை எழுதுகிறார்கள். முதற்பக்கத்தில் 'கீன' இருக்கிறது. அதன் கீழே, தமிழ்ப் பெயருக்கென்று விட்ட கோடு இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.