தீபாவளிப் பட்டியலின் சரித்திரம்

பண்டிகை நெருங்கும்போது, 'எனக்கு என்ன வேண்டும்?' என்று ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதும், மனத்தில் தோன்றியவற்றை ஒரு தாளில் எழுதிவைப்பதும் மிகச் சிறிய காரியங்கள். சரித்திர ஆசிரியர்கள் இவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அரசர்கள் வென்ற நாடுகளுக்குப் பட்டியல் உண்டு. துரைமார் கப்பலேற்றிய தேயிலைக்கு இறாத்தல் கணக்கு உண்டு. அந்தக் கொழுந்தைப் பறித்தவள் ஒரு தீபாவளிக்கு எதை விரும்பினாள் என்பதற்கு ஏடு இல்லை. ஆயினும், ஒரு வர்க்கத்தின் வாழ்வை அறிய விரும்புவோருக்கு, அது வாங்கிய பொருள்களைப் போலவே அது விரும்பத் துணிந்த பொருள்களும் சான்றாகும். அந்தச் சான்றினைக் கொட்டகலையில் வைத்து நாம் இங்கே நோக்குவோம்.

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் அமைந்த சிற்றூர் கொட்டகலை. புகையிரதப் பாதை 1884-இல் அட்டன் வரையும், 1885-இல் நானுஓயா வரையும் நீண்டபோது இப்பகுதித் தோட்டங்களின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தை எளிதில் எட்டிற்று. இன்று அங்கே கடைவீதி உண்டு. ஆசிரியர் கலாசாலை உண்டு. அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் உண்டு. ஐப்பசி மழை மலைச்சரிவுகளில் இறங்கும் நாள்களில், துணிக்கடை வாசல்களில் சேலைகள் தொங்கத் தொடங்கும்போது, சுற்றியுள்ள லயங்களில் ஒரு தாள் எழுதப்படுகிறது. பெரும்பாலும் பாடசாலை செல்லும் பிள்ளை எழுதும்; தாய் சொல்லுவாள். மூத்தவனுக்குச் சப்பாத்து, சின்னவளுக்குச் சட்டை, தாத்தாவுக்கு வேட்டி, மா, சீனி, எண்ணெய், தேங்காய், ஒரு கோழி, கொஞ்சம் வெடி. "அம்மா, ஒங்களுக்கு?" என்று பிள்ளை கேட்கும். "எனக்கு எதுக்கு? போன தீவாளிச் சேலை இருக்குல்ல" என்பது மறுமொழி. தாள் மடிக்கப்பட்டுவிடும்.

இந்த மறுமொழியைத் தாயின் தியாகம் என்று புகழ்ந்து நகர்ந்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யலாகாது. அந்த மறுமொழிக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மக்கள் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் பெயரால் எழுதப்பட்ட முதற் பட்டியலை அவர்கள் எழுதவில்லை, கங்காணி எழுதினான். ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, வழியில் உண்ட சோறு, குளிருக்குக் கொடுத்த கம்பளி யாவும் அதில் இருந்தன. கம்பளி கூட இனாமல்ல. அதன் விலை ஆளின் கணக்கில் ஏறிற்று. மலையில் முதன்முதலாகப் போர்த்திக்கொண்ட துணியே கடனாக இருந்த மக்கள் இவர்கள். பின்னர்ப் பண்டிகைக்கும், கலியாணத்திற்கும், சாவுக்கும் அதே கங்காணியிடமே கைநீட்ட வேண்டியிருந்தது. பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குச் சில சதங்கள் 'பென்ஸ் காசு' கிடைத்தது. ஆகவே ஆளைக் கடனில் வைத்திருப்பதே அவனுக்கு ஆதாயமாயிற்று.

இக்கடனுக்கு ஒரு கடுதாசி வடிவமும் இருந்தது. அதனைத் 'துண்டு' என்றனர். இன்ன தொகையைச் செலுத்துவோர் இந்த ஆட்களை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். வேறொரு துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார். செலுத்திய தொகை புதிய தோட்டத்தில் அவர்கள் தலையில் பழையபடி கடனாக உட்காரும். மனிதர் மலைவிட்டு மலை மாறினர்; கடன் அவர்களுக்கு முன்னே சென்று காத்திருந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறினால் சிறைத்தண்டனை என்றது 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம். துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921-இல்தான்.

பின்னர் 1927-இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நிர்ணயிக்கப்பட்டது. இந்த மூன்று எண்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் கூலி நிர்ணயித்த சட்டம், பிள்ளை மலைக்குப் போவதை இயல்பென ஏற்றுக்கொண்ட சட்டமாகும். கூடையை நெற்றியில் மாட்டிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு 11 சதம் குறைவு. குறைந்த அந்தச் சம்பளத்தையும் பல தோட்டங்களில் சம்பள நாளன்று கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தன் பெயரில் விழுந்த காசைத் தன் கையால் தொடாத ஒருத்தியிடம், 'உனக்கு என்ன வேண்டும்?' என்று எவர் கேட்பார்? கேட்டாலும் அவள் என்ன சொல்லுவாள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984-இல். அந்த 11 சதத்து அநீதி சட்டமான பின் 55 தீபாவளிகள் கழிந்திருந்தன.

கடனுக்கும் கங்காணியத்திற்கும் எதிரான குரல்கள் இல்லாமலில்லை. கோ. நடேசய்யர் 1924-இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931-இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வாக்குச்சீட்டும் ஒரு விருப்பப் பட்டியலே. எனக்கு இது வேண்டும் என்று ஒரு மக்கள் கூட்டம் அரசினிடம் எழுதிக் கொடுப்பது அது. அடுத்த ஆண்டிலேயே, 1948-இன் குடியுரிமைச் சட்டம் அந்தச் சீட்டைப் பறிப்பதற்கு வழி செய்தது.

இவ்வளவும் கடந்த பின்னரும் ஒன்று நிலைத்து நின்றது. அதுவே தீபாவளி முற்பணம். பண்டிகைக்கு முன்னர்த் தோட்ட நிருவாகம் ஒரு தொகையைக் கொடுக்கும். அடுத்துவரும் மாதங்களின் சம்பளத்தில் அதனைச் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளும். லயத்தில் எழுதப்படும் பட்டியலின் நீளத்தை வீட்டாரின் விருப்பம் நிர்ணயிப்பதில்லை, இத்தொகையே நிர்ணயிக்கிறது. 2018-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அன்று தோட்டங்களில் பேசப்பட்ட முற்பணம் 10,000 ரூபா. அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அதாவது, ஒரு தீபாவளி என்பது இனிமேல் பறிக்கவேண்டிய இருபது நாள் கொழுந்து. சித்திரையில் நனைந்துகொண்டு மலையில் நிற்பவள், ஐப்பசியில் தின்று முடித்த பலகாரத்திற்குக் கூலி செலுத்திக்கொண்டிருக்கிறாள். கழிப்பு முடியும் தறுவாயில் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

முற்பணம் வாங்குவோர் தோட்டத் தொழிலாளர் மட்டுமல்லர் என்று சிலர் கூறுவர். உண்மைதான். அரசாங்க ஆசிரியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் விழா முற்பணம் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் பெறுவோர்க்கு மழை பெய்தாலும் மாதம் முழுமையாகவே முடிகிறது. நாட்பேர் விழுந்தால்தான் கூலி என்னும் நிலையில் உள்ளவர்க்கு, நோயும் மழையும் கணக்கில் விழும். கழிப்போ தவறாமல் வரும். ஒரே சொல் இரு வீடுகளில் இரு வேறு பொருள் தருவதை நாம் மறந்துவிடலாகாது.

முற்பணத்தைத் தவிர வேறு வழி உலகில் இல்லையா? பம்பாய் நெசவாலைகளில் 1917-இல், யுத்த காலத்து இலாபம் பெருகியபோது, தொழிலாளர்க்குச் சம்பளத்தின்மேல் 10 விழுக்காடு போனஸ் வழங்கப்பட்டது. ஆலை முதலாளிகள் அதனைத் தம் தயாளம் என்றனர். தொழிலாளர் அதனைத் தம் பங்கு என்றனர். முதலாளிகள் போனஸை நிறுத்தியதால் 1924-இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. இத்தகைய போராட்டங்களின் நெடிய வழியில்தான் 1965-இன் போனஸ் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் குறைந்தபட்ச அளவு பின்னர் 8.33 விழுக்காடாயிற்று. ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. திருப்பிக் கொடுக்கவேண்டாத பதின்மூன்றாம் மாதம்.

இங்கே நமது மலையகத்துக்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒரே லயத்து அண்ணன் கப்பலேறினான், தம்பி தங்கினான். திரும்பியோர்க்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் தமிழக அரசு 1968-இல் தேயிலை பயிரிடத் தொடங்கிற்று. அது 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஆக, கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறித்த அண்ணன் வீட்டில் தீபாவளிக்கு வந்தது போனஸ். கொட்டகலையில் அதே கொழுந்தைப் பறித்த தம்பி வீட்டில் வந்தது முற்பணம். அங்கும் வறுமை உண்டு. போனஸுக்காக அங்கும் போராட நேர்ந்ததுண்டு. ஆயினும் முன்னது பங்கு, பின்னது கடன். இலங்கையில் போனஸைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். 'பொருள்மீது ஆசை கொள்வது வியாபாரியின் தூண்டிலில் விழுவதாகாதா? மேனாட்டுக் குழந்தைகள் கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதுவதையும், அக்கடிதங்களைக் கடைக்காரரே விரும்பி வளர்ப்பதையும் காண்கிறோமே. அந்த நோயை நம் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டுமா?' கேள்வி நியாயமானது. தேவையற்றதைத் தேவையென நம்பவைப்பது முதலாளித்துவத்தின் வேலை. ஆனால் தேவையானதைத் தேவையற்றதென நம்பவைப்பதும் அதே முதலாளித்துவத்தின் வேலைதான். முதலாவது வேலையைக் கொழும்பின் விளம்பரப் பலகைகள் செய்கின்றன. இரண்டாவது வேலையைக் கங்காணியின் கணக்கேடு செய்து முடித்தது. 'எனக்கு எதுக்கு?' என்று ஒரு தாய் சொல்லும்போது பேசுவது அந்த ஏடு. விரும்ப மறந்தவர் கேட்கவும் மறப்பார். கேட்க மறந்தவர் சங்கத்திற்கும் வரமாட்டார்.

விருப்பம் எவ்வாறு கோரிக்கையாகிறது என்பதற்கு அண்மைய சான்றும் உண்டு. மலையக இளைஞர் பலர் கொழும்பின் கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் உழைத்து, தீபாவளிக்குப் பையும் பொதியுமாய் அட்டன் வண்டியேறுகின்றனர். தங்கைக்குப் பாவாடை, தம்பிக்குக் கைப்பேசி என்று வீட்டார் பட்டியலைச் சுமந்து செல்வோர் அவர்களே. 2018 ஒக்டோபரில், தீபாவளிக்கு இரு வாரங்களுக்கு முன்னர், அத்தகைய இளைஞர் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் கூடினர். அவர்களின் பட்டியலில் ஒரே வரிதான் இருந்தது: பெற்றோர்க்கு அடிப்படைச் சம்பளம் 1,000 ரூபா. 2021-இல் சம்பளச் சபையின் வழியாக 900 ரூபாவும் 100 ரூபாவுமாக அந்த ஆயிரம் கிடைத்தது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காட்டைத் தொட்டது. பட்டியலில் இருந்த மாவும் சீனியுமே அவ்வாயிரத்தை விழுங்கின. 2024-இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. விலையும் கூலியும் ஓடும் இப்பந்தயத்தில் கூலி ஒருபோதும் முந்தியதில்லை என்பதே சரித்திரம்.

ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களாகிய நாமும் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விடுமுறைக்கு முன்னர்க் கட்டுரைப் பாடத்தில் 'தீபாவளி' என்று தலைப்புக் கொடுத்து, நரகாசுரன் கதையை நூறு பிள்ளைகள் ஒரேமாதிரி எழுத வாங்கித் திருத்துகிறோம். அதற்குப் பதிலாக, 'எனக்கு வேண்டியவை' என்று எழுதச் சொல்லுவோம். எழுதத் தோன்றாத பிள்ளைக்கு வழியும் காட்டுவோம். உன்னிடம் தேய்ந்து போனது எது? அடுத்தவரிடம் இரவல் வாங்குவது எது? உன் வீட்டில் இதுவரை எவரிடமும் சொந்தமாக இல்லாதது எது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் பட்டியல் பிறந்துவிடும். பின்னர் நான்காவது கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்: அம்மாவுக்கு என்ன வேண்டும்? 'ஒன்றுமில்லை' என்னும் விடையை ஏற்காமல் மீண்டும் கேட்டு வரச் சொல்லுவோம்.

வரும் விடைகள் பெரியனவாக இரா. மழையில் நனையாத ஒரு மேற்சட்டை என்று வரலாம். வழுக்காத சப்பாத்து என்று வரலாம். ஒரு மூக்குக்கண்ணாடி என்று வரலாம். அந்தத் தாள்களைச் சேர்த்து ஒருமுறை வாசித்துப் பார்ப்போமாயின், அவற்றுள் எத்தனை பொருள்கள் பரிசாக அன்றி உரிமையாக எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை என்பது விளங்கும். கங்காணி எழுதிய பட்டியலில் தொடங்கிய சரித்திரம், தாய் தன் பெயருக்கு நேரே ஒரு பொருளை எழுதச் சொல்லும் நாளில் வேறு பக்கம் திரும்பும். அந்த வரிக்குரிய பணம் கடனாக வராமல் பங்காக வரும்படி செய்வது, சங்கத்தின் கடமை. அந்த வரியை எழுதக் கற்பிப்பது நம் கடமை.