டெனெரீஃப் ஓடுபாதை மோதல்
1977 மார்ச் 27 அன்று, கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தனர். அருகிலுள்ள கிரான் கனேரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இரண்டும் இங்குத் திருப்பிவிடப்பட்டவை.

கடும் மூடுபனியில், பான் ஆம் விமானம் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்க, அனுமதி பெறாமலே கே.எல்.எம். விமானம் வேகமெடுத்தது. காத்திருக்குமாறு கோபுரம் சொன்ன அதே நொடியில் பான் ஆமும் பேசியதால், கே.எல்.எம். விமானிகளுக்கு இரைச்சலே மிஞ்சியது. மூடுபனியைவிட வருத்துவது அடுத்து நடந்ததுதான். பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டதாகத் தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். இளையவர் மறுபடி கேட்கவில்லை.

விமானிகள் மூத்தவரிடமும் ஐயத்தைத் துணிந்து சொல்லப் பிற்காலத்தில் பயிற்சி பெற்றனர். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லும் அனுமதி அளிக்கவோ நீக்கவோ மட்டுமே என்றானது; மற்ற வேளைகளில் ‘டிபார்ச்சர்’.