ஏட்டின் ஓரத்தில் எழுதுவது தகுமா?

நூல் என்பது தமிழர்க்கு வெறும் தாளடுக்கு அன்று. கால் தவறிப் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரசுவதி பூசையன்று அடுக்கி வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். இத்தகைய மரபில் வந்த நமக்கு, அச்சிட்ட பக்கத்தின்மேல் ஒருவர் பேனாவை ஊன்றுவதைக் கண்டால் உள்ளம் கூசுவது இயல்பே. ஆயினும் புத்தகத்தில் எழுதுவது எக்காலத்தும் பிழைதானா? நம் சங்கத்து நூல்நிலையத்தில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி, இவ்வினாவை ஆராயுமாறு நம்மைத் தூண்டிற்று.

நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு சிறுமி, திருக்குறள் உரைநூல் ஒன்றை எடுத்துச் சென்று இரு திங்களுக்குப்பின் திருப்பித் தந்தாள். முதல் பத்து அதிகாரங்களிலும் அருஞ்சொற்களின்மேல் பென்சிலால் எழுதியிருந்தாள். எழுதியிருந்தது தமிழெழுத்தில் அன்று. பள்ளியில் பயிலும் நாகரி எழுத்தில். சொல்லின் ஒலிப்பை ஒருபுறமும், பொருளை இந்தியில் மறுபுறமும் குறித்திருந்தாள். நூல்களைப் பழுதுபடுத்துவோர் தண்டம் செலுத்த வேண்டும் என்பது சங்க விதி. விதிப்படி தண்டம் விதிக்கப்பட்டது. அச்சீட்டில் கையொப்பமிட்டவரும் நாமே. குறிப்புகளை அழித்துவிட வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கூறினர். அழிக்கலாகாது என்றனர் வேறு சிலர். எப்பக்கம் நிற்பது என்று நாம் தெளியவில்லை. பழைய வரலாறு என்ன சொல்கிறது என்று பார்க்கலானோம்.

பனையோலைக் காலத்திலிருந்து தொடங்குவோம். பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, எழுத்துத் தெரியும்பொருட்டு மை தடவுவர். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு சில நூறு ஆண்டுகளே நிலைக்கும். அதற்குள் கறையானும் பூச்சியும் உண்ணாமல் இருந்தால் அதுவே பெரும் பேறு. ஆகவே ஒவ்வொரு நூலும் தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டுவந்தமையாலேயே நம் கைக்கு எட்டியது. படியெடுத்தவர்கள் பலர் ஏட்டின் இறுதியில் தம் பெயரையும், எழுதி முடித்த நாளையும் குறித்து, தம் பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொண்டனர். நூலாசிரியர் எழுதாத அச்சில வரிகளே, இன்று ஓர் ஏட்டின் காலத்தை அறிய ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன.

ஆனால் இதற்கு மறுபுறமும் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடு இராது. உரையோடு கூடிய ஏடுகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். இந்நிலையில் படித்த ஒருவர் இடையிலோ ஓரத்திலோ ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், அடுத்துப் படியெடுப்பவர் அதனையும் மூலமென்றே கருதி எழுதிவிடுவார். மூன்றாம் தலைமுறையில் அதைப் பிரித்தறிவார் யார்? எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழி வீணாகப் பிறந்ததன்று.

இக்காட்டினுள் புகுந்து வழி கண்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855 - 1942). கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880-ஆம் ஆண்டில் அவர் சந்தித்ததும், அச்சந்திப்பே அவரைச் சீவகசிந்தாமணியின்பால் திருப்பியதும் தமிழர் பலரும் அறிந்தவை. ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கி, 1887-இல் அந்நூலை அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வெளிவந்தன. ஓர் ஏட்டில் ஒரு பாடமும் மற்றோர் ஏட்டில் வேறொரு பாடமும் இருந்தால், ஒன்றை மூலத்தில் வைத்து மற்றதைப் பாடபேதமெனக் கீழ்க்குறிப்பில் காட்டுவது அவர் கைக்கொண்ட முறை. தமக்குத் தோன்றியதை மூலத்தினுள் நுழைக்கவுமில்லை. பிறர் பாடத்தை மறைக்கவுமில்லை. மூலம் நடுவில், குறிப்பு ஓரத்தில், இரண்டிற்கும் இடையே தெளிவான வரம்பு. புத்தகத்தில் எழுதுவதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறு உண்டோ?

இனி வடக்கே வருவோம். பாட்னா நகரில் கங்கைக் கரையையொட்டி அமைந்த குதா பக்ஷ் நூல்நிலையம் 1891-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1969-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. அங்கே பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் கவிதைத் தொகுதி ஒன்று, பழைய கைப்பிரதியாக இருக்கிறது. முகலாய மன்னர்கள் ஐயம் நேர்ந்தபோது அந்நூலைப் பிரித்து, கண்ணிற்பட்ட கவிதையைக் கொண்டு குறி பார்ப்பது வழக்கம். ஹுமாயூனும் ஜஹாங்கீரும் அவ்வாறு குறி பார்த்ததையும் அதன் பலனையும் அப்பிரதியின் ஓரங்களில் தம் கையாலேயே எழுதி வைத்துள்ளனர். அந்நூல்நிலையத்திலுள்ள தைமூர் வமிச வரலாற்றுப் பிரதியிலும் ஷாஜஹான் தம் கைப்பட எழுதிய குறிப்பு உண்டு. இவ்வோரக் குறிப்புகளை அழுக்கென்று எவரேனும் துடைத்திருந்தால், அரசவை வரலாறுகள் சொல்லாத அரசரின் மனக்கலக்கமும் உடன் அழிந்திருக்கும்.

மேல்நாட்டிலும் இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உள்ளது. பிரான்சு நாட்டவரான பெர்மா, தொழிலால் சட்ட அலுவலர்; ஓய்வில் கணிதம் பயின்றவர். பழைய கிரேக்க அறிஞர் டயபாண்டசின் கணித நூலை 1621-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் படித்தார். 1637-ஆம் ஆண்டையொட்டி அதன் ஓரத்தில் ஒரு தேற்றத்தைக் குறித்து, அதற்கு அழகிய நிரூபணம் தம்மிடம் இருப்பதாகவும், ஓரத்தில் அதற்கு இடம் போதவில்லை என்றும் எழுதினார். அவர் மறைந்தபின் மகனார் சாமுவேல், அந்த ஓரக் குறிப்புகளையும் சேர்த்து 1670-இல் நூலைப் பதிப்பித்தார். பெர்மா எழுதிய அந்த மூலப்பிரதி பின்னர்க் காணாமற்போயிற்று. மகனார் அச்சிட்டமையால் மட்டுமே குறிப்பு பிழைத்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதப் புலவர்களை அலைக்கழித்த அத்தேற்றத்தின் நிரூபணத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் 1995-இல் வெளியிட்டார்.

அது பெர்மாவின் சொந்த நூல் என்று அன்பர்கள் கூறலாம். உண்மையே. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜோ இரவல் நூல்களிலும் எழுதும் வழக்கமுடையவர். அவருடைய நண்பர் சார்லஸ் லாம், இரவல் வாங்கிய நூலை அவர் குறிப்புகளால் செல்வமாக்கித் திருப்பித் தருவதாக 1820-இல் ஒரு கட்டுரையில் புகழ்ந்திருக்கிறார். ஆனால் நாமெல்லோரும் கோல்ரிட்ஜ் அல்லோம். நம் நூல்நிலையத்துப் பயனாளர் அனைவரும் சார்லஸ் லாம்போல் பொறுமை உடையவரும் அல்லர்.

பொதுநூலில் ஒருவர் இடும் கோடு மற்றவர் கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. ஊன்றிப் படிக்கும் உரிமையை அது பிறரிடமிருந்து பறிக்கிறது. மையோ தாளில் ஊறிப் பின்பக்கத்தையும் கெடுக்கிறது. மரக்கூழால் செய்த பழைய தாள்கள் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுத்து நொறுங்குபவை. அழிக்கப் புகுந்தாலே கிழிந்துபோகும். பழைய ஆவணங்களைக் காக்கும் இடங்களில் படிப்பவர் பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு மட்டுமே உள்ளே செல்லவேண்டும் என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது. எனினும் சீர்காழியிற் பிறந்து நூலகத் துறைக்கே தந்தையாக விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன் (1892 - 1972), 1931-இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தது நூலைக் காப்பதையன்று, நூல் பயன்படுவதையே. எவரும் தொடாத நூல் தூயதாக இருப்பதில் பெருமை என்ன?

இருபது ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்துப் பதிவேடுகளோடு பழகிய நமக்கு அங்குள்ள ஒழுங்கு நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது, மேலெழுதவும் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இட்டு, சரியானதை அருகில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும். முன்னவர் எழுதியது மறையாதிருக்க வேண்டும். பின்னவர் எழுதியது இன்னாருடையது என்று தெரிய வேண்டும். ஐயரவர்கள் கண்ட வரம்பும் இதுவே என்பதை எண்ணியபோது வியப்பு உண்டாயிற்று.

இவ்வளவும் ஆராய்ந்தபின் அத்திருக்குறள் நூலை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். நாம் தண்டம் விதித்த நாளுக்குப்பின் வேறு மூன்று பிள்ளைகள் அதே பிரதியை எடுத்துச் சென்றிருந்தனர். எழுத்தில்லாத வேறு பிரதிகள் இரண்டு அலமாரியிலேயே கிடந்தன. ஏன் இதையே எடுத்தாய் என்று அவர்களுள் ஒரு சிறுவனைக் கேட்டோம். இதில்தான் புரிகிறது என்றான். நம் வீடுகளில் தமிழ் பேசுகிறோம். பிள்ளைகள் பேசவும் பேசுகின்றனர். படிப்பதற்குத்தான் அவர்களுக்குப் பாலம் இல்லை. ஆண்டுதோறும் விழா எடுக்கும் நாம் கட்டாத அப்பாலத்தை, ஒரு சிறுமி பென்சிலால் பத்து அதிகாரம்வரை கட்டியிருந்தாள். அதற்கு நாம் தண்டம் வாங்கியிருந்தோம்!

தண்டத்தொகையை அவள் வீட்டுக்குச் சென்று திருப்பிக் கொடுத்தோம். சங்கப் பணத்திலிருந்து அன்று; கையொப்பமிட்டது நம் கையாதலின், நம் பணத்திலிருந்தே. செயற்குழுவின்முன் ஒரு வேண்டுகோளும் வைத்துள்ளோம். அரிய நூல்களிலும் பழைய பதிப்புகளிலும் எவரும் எழுதலாகாது. மையால் எந்நூலிலும் எழுதலாகாது. பிள்ளைகள் விரும்பி எடுக்கும் நூல்களில் மட்டும் ஒவ்வொரு பிரதியைத் தனியே ஒதுக்கி, பென்சிலால், மூலம் மறையாதவாறு, பெயரும் தேதியும் இட்டுப் பொருள் எழுத அனுமதிக்கலாம். அவ்வாறு ஒதுக்கும் முதல் நூல் அத்திருக்குறளாகவே இருக்கட்டும். பதினோராம் அதிகாரத்திலிருந்து அதன் ஓரங்கள் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்பும் கைகள் நம் குடியிருப்பில் இருக்கின்றன.