வெளிநாடுகளில் கனடியப் பப்கள்

கனடியப் பப் என்பது கனடாவுக்கு வெளியே, அந்நாட்டின் பெயரையும் சின்னங்களையும் முன்னிறுத்தி நடத்தப்படும் மதுக்கூடம். லண்டன் கோவென்ட் கார்டனில் மெய்டன் லேன் தெருவிலுள்ள ‘தி மேப்பிள் லீஃப்’, பாரிஸில் ஓடியான் பகுதியில் பெயர்பெற்ற ‘தி மூஸ்’, சியோலின் இத்தேவோனில் இருந்த ‘ராக்கி மவுண்டன் டேவர்ன்’ ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. பெயரை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. நியூ ஆர்லியன்ஸில் 1974 முதல் இருக்கும் ‘மேப்பிள் லீஃப் பார்’ அவ்வூர் இசைக்குப் புகழ்பெற்ற இடம்; கனடாவோடு அதற்குள்ள உறவு பெயரிலுள்ள மேப்பிள் இலையோடு சரி. உலகெங்கும் பரவிய ஐரிஷ் பப்பைப் பார்த்துப் போட்ட நகல்தான் கனடியப் பப் என்று சொல்வது வழக்கம். ஆனால் இரண்டின் பிறப்பும் வேறு. ஐரிஷ் பப் ஓர் இடத்தை ஏற்றுமதி செய்கிறது. கனடியப் பப் ஒரு நேரத்தை.

ஐரிஷ் பப்பின் பரவலுக்குத் தெளிவான சூத்திரதாரிகள் உண்டு. மெல் மெக்னாலி 1990இல் நிறுவிய ‘ஐரிஷ் பப் கம்பெனி’, கின்னஸின் துணையோடு, கிராமத்துக் குடிசை, விக்டோரியா காலத்து டப்ளின், மளிகைக் கடையோடு ஒட்டிய மதுக்கடை என்று சில மாதிரிகளை வகுத்தது. மரப்பலகை முதல் விளக்கு வரை அயர்லாந்தில் செய்து, கப்பலேற்றி, வாங்கியவர் ஊரில் பொருத்திக் கொடுத்தது. ஏற்கெனவே பலர் மனத்தில் பதிந்திருந்த ஒரு கட்டட வடிவம் இருந்ததால்தான் இது முடிந்தது. கனடாவுக்கு அப்படிப்பட்ட வடிவம் வாய்க்கவில்லை. அதற்கு மதுவிலக்கே பெரிய காரணம். ஒன்டாரியோவில் 1916 முதல் 1927 வரை மதுவிலக்கு. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அது 1901இல் தொடங்கி 1948 வரை நீடித்தது. விலக்கு நீங்கியபின் வந்த பீர்க்கூடங்கள் குடிப்பவரை மகிழ்விப்பதைவிடக் கண்காணிக்கவே கட்டப்பட்டவை போலிருந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1925க்குப் பிறகு திறந்தவற்றில் நின்றுகொண்டு குடிக்கக் கூடாது, பாட்டு கூடாது. பெண்களுக்கும் அவர்களோடு வருபவர்களுக்கும் தனி வாசல் என்ற ஏற்பாடும் வந்தது. இப்படிப்பட்ட கூடத்தை நினைத்து யாரும் ஏங்கப்போவதில்லை. பிற்காலத்தில் கனடிய நகரங்கள் இதமான மதுக்கூடங்களை விரும்பியபோது அவையே பெருமளவு ஆங்கிலேய, ஐரிஷ் வேடத்தைத்தான் அணிந்துகொண்டன. தாய்நாட்டிலேயே இரவல் சட்டையென்றால், வெளியூருக்கு எதைப் பெட்டியில் கட்டி அனுப்புவது?

ஆகவே கனடியப் பப்பின் முன்னோரைக் கட்டடக்கலையில் தேடாமல், வீட்டைவிட்டு வந்தவர்கள் கூடிய இடங்களில் தேட வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1915இல், லண்டனில் கனடியப் படைவீரர்களுக்காக ‘மேப்பிள் லீஃப் கிளப்’ தொடங்கியது. இரண்டாம் போரில், 1940இல், டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அருகே ‘பீவர் கிளப்’ திறந்தது. இவை மதுக்கடைகள் அல்ல. விடுப்பில் வந்த வீரன் சொந்த நாட்டவரைக் கண்டு பேச ஒரு கூரை. இன்றைய மேப்பிள் லீஃப் பப்பும் அதே சதுக்கத்திலிருந்தும் அங்குள்ள கனடா ஹவுஸிலிருந்தும் நடைதூரத்தில்தான் இருக்கிறது. அமைதிக் காலத்தில் வீரர்களின் இடத்துக்கு மாணவர்களும் பயணிகளும் வந்தனர். சியோலில் ஆங்கிலம் கற்பிக்கப்போன இளைஞர்கள் வந்தனர்.

சுவரில் மூஸ் தலையும் துடுப்பும் ஹாக்கிச் சட்டையும், மேசையில் கனடிய உணவும் இருந்தால் அதுவே போதுமே என்று கேட்கலாம். அந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவை கையில் நிற்பதில்லை. பூட்டீன் என்பது 1950களில் கியூபெக்கின் நாட்டுப்புறத்தில் உருவான பண்டம்: உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் புதிய பாலாடைக்கட்டித் துண்டுகள், அதற்குமேல் சுடச்சுட இறைச்சிக் குழம்பு. அந்தத் துண்டு பல்லுக்கிடையில் கீச்சென்று ஒலிக்க வேண்டும். அது அன்றைக்குச் செய்ததாக இருந்தால்தான் ஒலிக்கும், ஓரிரு நாளில் ஊமையாகிவிடும். கடல் கடந்த சமையலறையில் மொசரெல்லாவைத் தூவும்போது பூட்டீனின் பெயர் மிஞ்சுகிறது, சத்தம் போய்விடுகிறது. 1969இல் கால்கரியில் வால்டர் செல் உருவாக்கிய சீசர் பானத்துக்கும் இதே கதி. அதற்கு அடிப்படையான, தக்காளிச் சாற்றில் மட்டிச்சாறு கலந்த கிளமாட்டோ கனடாவில் எங்கும் கிடைக்கும். ஐரோப்பாவில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பீர் இன்னும் வேடிக்கை. லபாட் 1995இல் பெல்ஜிய நிறுவனத்திடம் போயிற்று; மோல்சன் 2005இல் அமெரிக்காவின் கூர்ஸோடு இணைந்தது; ஸ்லீமனை 2006இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது. மூஸ்ஹெட் மட்டும் இன்னும் ஒரு குடும்பத்தின் கையில் இருக்கிறது. மறுபுறம், ஒன்டாரியோவில் பிறந்த கார்லிங் பீரைத் தொழிலதிபர் ஈ. பி. டெய்லர் 1950களில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்; அங்கே அது நாட்டிலேயே அதிகம் விற்கும் பீராக வளர்ந்தது. கனடிய பீர் ஊற்றுவதுதான் அடையாளம் என்றால் இங்கிலாந்தின் பாதிப் பப்களைக் கனடியப் பப் என்றே அழைக்கலாம். கார்லிங்கைக் குடிப்பவர் கனடாவை நினைப்பதேயில்லை.

எஞ்சுவது திரை. சனிக்கிழமை மாலை ‘ஹாக்கி நைட் இன் கனடா’ என்ற ஐஸ் ஹாக்கி ஒளிபரப்பைப் பார்ப்பது 1952 முதல் கனடியத் தொலைக்காட்சி வீட்டுக்குள் கொண்டுவந்த வழக்கம். குளிர்காலத்தில் டொரன்டோவில் இரவு 7 மணி என்றால் லண்டனில் நள்ளிரவு, பாரிஸில் 1 மணி, சியோலில் ஞாயிறு காலை 9 மணி. உள்ளூர் கால்பந்துக்காக அமைந்த எந்தப் பப்பும் அந்த நேரத்தில் அந்த ஆட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைக்காது. திறந்து வைக்கும் பப்பே, அதன் உரிமையாளர் யாராயிருந்தாலும், கனடியப் பப் ஆகிறது. லண்டன் மேப்பிள் லீஃபை நடத்தும் கிரீன் கிங் ஆங்கிலேயக் குழுமம். 2019 முதல் அது ஹாங்காங் முதலாளிகளிடம் இருக்கிறது. இதைக் காட்டி அந்தப் பப்பைப் போலி என்பவர்கள், பத்திரத்தைப் பார்க்கிறார்கள், கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இன்று எந்த ஆட்டத்தையும் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். நேரம்தான் அடிப்படை என்றால் பப்பின் தேவை முடிந்துவிட்டது. வாரந்தோறும் நடக்கும் சாதாரண ஆட்டங்களைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தனியாகப் பார்க்க மனம் வராத ஆட்டங்கள் இருக்கின்றன. 28 பிப்ரவரி 2010 அன்று வான்கூவர் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டியில் கனடாவின் சிட்னி கிராஸ்பி கூடுதல் நேரத்தில் கோல் அடித்து அமெரிக்காவை 3-2 என்று வீழ்த்தியபோது லண்டனில் ஞாயிறு இரவு, சியோலில் திங்கள் காலை. அந்தக் கூச்சலைப் பகிர ஆள் வேண்டும். படுக்கையறையில் கத்தினால் பக்கத்து வீட்டார்தான் வருவார்கள். நான்கு ஆண்டு கழித்து, 23 பிப்ரவரி 2014 அன்று, சோச்சி ஒலிம்பிக்கில் கனடா சுவீடனை 3-0 என்று வென்ற இறுதி ஆட்டம் தொடங்கியபோது டொரன்டோவில் காலை 7 மணி, வான்கூவரில் 4 மணி. கனடாவில் அந்த விடியற்காலையில் மதுக்கூடங்களைத் திறக்கச் சிறப்பு அனுமதிகள் தேவைப்பட்டன. லண்டனில் அப்போது ஞாயிற்றுக்கிழமை நண்பகல். பப்கள் வழக்கம்போலத் திறந்திருந்தன.